கையெழுத்துக்கு ஈடாக ஒரு நீலப் புள்ளி

1

போன ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊர் விமான மைதானத்தில், கிளப்காரர்கள் அத்தனை பேரும் கேக் தட்டும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்க, எழுபது வயது மனிதர் ஒருவரைக் கண்டபடி பேசிவிட்டேன். பாதி ஜெர்மனில், பாதி எங்கள் மண்ணூர்த் தமிழில். தமிழில் பேசியதுதான் அசிங்கம். ஜெர்மனில் பேசியது அத்தனை அசிங்கம் இல்லை, ஆனால் அது அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. இரைந்து பேசாதவள், குப்பையைப் பிரித்துப் போடுகிறவள், யாரையும் முந்தாமல் வரிசையில் நிற்கிறவள் என்று பத்து வருஷமாகச் சேர்த்து வைத்த நல்ல பேர், ஒரே மத்தியானத்தில் போயிற்று.

ஊரில் இருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இங்கே இருப்பவர்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அவர்களிடம் சொல்லி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்த மனிதர் பெயர் ஹெல்முட். என் மகள் அனிதாவுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். விமானம் என்றதும் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தை நினைக்காதீர்கள். இது இன்ஜினே இல்லாத கிளைடர். வெள்ளையாக, ஒல்லியாக, இறக்கை மட்டும் நீளமாக இருக்கும். மைதானத்தின் ஒரு கோடியில் இருக்கும் மிஷின் கயிற்றைச் சுற்றி இழுக்க, விறுவிறுவென்று மேலே போகும். பிறகு கயிற்றைக் கழற்றிவிட்டு, தரையிலிருந்து எழும்புகிற சூடான காற்றைத் தேடிப் பிடித்து, பருந்து சுற்றுவதுபோல் சுற்றி இன்னும் உயரம் ஏறும். காற்று கிடைக்காவிட்டால் இறங்கத்தான் வேண்டும், அது எந்தக் காடாக இருந்தாலும் சரி.

படப்பை ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிய என் அப்பாவிடம் போனில் இதை விளக்கினேன். "இன்ஜினே இல்லாம இன்னாத்துக்குமா மேல போவணும்? இங்க இன்ஜின் கீற வண்டியே பாதில நின்னுடுது" என்றார். எனக்கும் அதே கேள்விதான். நான் கேட்டால் பத்தாம்பசலி என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

2

அனிதாவுக்குப் பதினைந்து வயது. இந்த நாட்டில் கார் ஓட்ட அந்த வயது போதாது, ஆகாயத்தில் தனியாகப் பறக்கப் போதும். ஆனால் காகிதம் இல்லாமல் இங்கே தும்மக்கூட முடியாது. டாக்டர் சான்றிதழ், இன்சூரன்ஸ், ரேடியோவில் பேசுவதற்குத் தனிப் பரீட்சை, கடைசியில் அப்பா அம்மா இரண்டு பேரின் கையெழுத்து. என் கணவர் செல்வம் தூத்துக்குடிக்காரர். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்து, அந்தக் கம்பெனி மூலமாகவே இங்கே வந்தவர். அவர் பேனாவை எடுத்துச் சடாரென்று போட்டுவிட்டார். நான் போடவில்லை.

அந்த ஒரு வாரம் அனிதா என்னோடு தமிழில் பேசினாள். மற்ற நாளில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், அதுவும் அறைக்குள்ளிருந்து. அந்த வாரம் மட்டும் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, இன்னா குழம்பு?" என்றாள். காரியம் ஆக வேண்டும் என்றால் தாய்மொழி எங்கிருந்தோ வந்துவிடுகிறது. தெரிந்தேதான் உருகினேன். சும்மா உருகவில்லை, ஒரு நிபந்தனை போட்டேன்.

அந்த நிபந்தனைக்கு வழி காட்டியதே ஹெல்முட்தான். அவர் காலத்தில் தொடையில் வரைபடத்தை விரித்து, அளவுகோலை வைத்துப் பறந்தார்களாம். இப்போது பணக்காரர்கள் கிளைடருக்கென்றே செய்த கம்ப்யூட்டரை வாங்கிப் பொருத்துகிறார்கள். கிளப்பின் பழைய கிளைடருக்கு அவ்வளவு யார் செலவழிப்பார்கள்? அதனால் யாரோ தூக்கிப் போட்ட ஸ்மார்ட்போன் ஒன்றை, வளைகிற கம்பியில் மாட்டி, இலவச மென்பொருளை ஏற்றிவிடுகிறார்கள். அவ்வளவுதான், அது விமானக் கம்ப்யூட்டர் ஆகிவிடுகிறது. எங்கே இருக்கிறோம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த வான்பகுதிக்குள் நுழையக் கூடாது, இப்போது இருக்கிற உயரத்தில் மைதானத்துக்குத் திரும்பிவிட முடியுமா என்று எல்லாவற்றையும் அது கணக்குப் போட்டுச் சொல்லும். வேண்டுமானால், விமானம் இருக்கும் இடத்தைக் கீழே இருப்பவர்களின் போனுக்கும் அனுப்பும். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி நகரும்.

"அந்தப் புள்ளி எப்பவும் என் போன்ல தெரியணும். தெரியறவரைக்கும்தான் என் கையெழுத்து" என்றேன். அனிதா யோசிக்கக்கூட இல்லை. சரி என்றாள்.

கிளைடரில் மாட்டிய போன் ஹெல்முட் கொடுத்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்ததை, எனக்கு ஏதோ பரிசு தருவதுபோல் காட்டினார். பிறகு அதே வரைபடத்தில் இந்தியாவுக்குப் போய், எங்கள் ஊர் எங்கே என்று கேட்டார். மண்ணூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரைக் காட்டினேன், அங்கிருந்து ஒரகடம் வரைக்கும் விரலால் இழுத்தேன். திரை முழுக்கக் கம்பெனிகளின் தகரக் கூரை. அவர் கண் விரிந்தது. இத்தனை கூரையும் வெயிலில் காய்ந்தால் எப்பேர்ப்பட்ட சூடான காற்று எழும்பும், அதில் எவ்வளவு உயரம் ஏறலாம் என்று ஆசைப்பட்டார். அப்புறம் திரையை இப்படியும் அப்படியும் நகர்த்தி, ஆனால் எங்கே இறங்குவது என்று கேட்டார். சுவர், கம்பி, கன்டெய்னர் லாரி, பிளாட் போட்ட கல். இறங்க இடம் இல்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன். அவர் வருத்தத்தோடு போனை அணைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

3

நானும் அந்த ரோட்டில் போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள்தான். பட்டன் வைத்த போன் காலம். பிளஸ் டூ முடித்தவுடன் போனேன். மண்ணூர் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ் வரும். கோட்டு, தொப்பி, தனிச் செருப்பு. என் வேலை டெஸ்டிங். போனை மிஷினில் சொருகினால் பச்சை எரியும், இல்லை சிவப்பு எரியும். பச்சை எரிந்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சிவப்பு அடிக்கடி எரிந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். அவருக்கு ஒரே ஒரு வசனம்தான் தெரியும்: "மிஷின் பொய் சொல்லாதும்மா. நீதான்."

பக்கத்து மிஷினில் தேன்மொழி என்று சிவகங்கைப் பெண். ஒரு வாரம் முழுக்க அவளுக்குச் சிவப்பாக எரிந்தது. அவள் ஒழுங்காகச் சொருகவில்லை என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினார். அவள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து மறுபடி சொருகினாள். கடைசியில் பார்த்தால் மிஷினில் ஒரு ஊசி வளைந்திருந்தது. ஊசியை மாற்றினார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு நான் மனசுக்குள் ஒன்று முடிவு செய்தேன். எது கெட்டுப்போனாலும் முதலில் பொருளைத்தான் சந்தேகப்படுவேன், மனுஷரை அப்புறம்தான். எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவோம். ஆனாலும் நான் நிஜமாகக் கடைப்பிடித்த வேதம் இது ஒன்றுதான். அனிதா லேட்டாக வந்தால் பஸ்மேல் பழி, மார்க் குறைந்தால் வாத்தியார்மேல் பழி. பெற்ற பிள்ளையை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

இன்னொன்றும் இருந்தது. போன் தயாரிக்கிற கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டுக்கு உள்ளே லாக்கர் வரிசை. போனை வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஷிப்ட் முடிகிறவரை உலகமே அழிந்தாலும் நமக்குத் தெரியாது. இதை அனிதாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஜெயில் மாதிரி இருந்தோம், வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் சேதி வராது, தாத்தா அங்கே தவித்துப்போவார் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிடும்.

உங்களுக்கு மட்டும் நிஜத்தைச் சொல்கிறேன். அம்மா இல்லாத பெண் என்று அப்பா என்னைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். காலையில் கண் விழித்ததிலிருந்து 'எங்க கீற, யாரோட கீற, எப்ப வருவ' இதே கேள்விதான். கடைக்குப் போனால் இரண்டு போன். சர்ச்சில் கொயர் பாடும்போது ஒரு போன். லாக்கர் கதவு டப்பென்று மூடும் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சுக்கூடு திறந்துகொள்ளும். உள்ளே சூப்பர்வைசர் திட்டினாலும், நின்று நின்று கால் வீங்கினாலும், நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்க யாராலும் முடியாது. ஓவர்டைமுக்கு ஆள் கேட்டால் முதல் ஆளாகக் கை தூக்கியதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை.

பிறகு கம்பெனியை மூடினார்கள். கேட்டுக்கு வெளியே நின்று கோஷம் போட்டோம், பேப்பரில் படம் வந்தது, அதோடு சரி. இப்போது அதே ரோட்டில் வேறு போர்டுகள், வேறு பெண்கள். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் தட்டு கழுவுகிறேன். டெஸ்டிங் வேலை பார்த்தேன் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சொன்னபோது, அதெல்லாம் தகுதியில் சேராது என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். இங்கே வயிற்றில் அடிப்பதைக்கூட சிரித்துக்கொண்டுதான் செய்வார்கள்.

4

போன ஞாயிறு அனிதாவுக்கு முக்கியமான நாள். லைசென்ஸ் வாங்க வேண்டுமானால் ஒரு தடவை தன்னந்தனியாகத் தூரம் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு மலைத்தொடர் தாண்டி ஒரு ஊர், அதைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கயிறு இழுத்தது, மேலே போனாள், மேகத்துக்குக் கீழே சுற்றிச் சுற்றி ஏறி, கண்ணுக்குத் தெரியாமல் போனாள். நான் கேக் மேஜைக்குப் பக்கத்தில் நின்று என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலப் புள்ளி அழகாக நகர்ந்தது. கிளப் பெண்கள் பேச்சுக் கொடுத்தார்கள். தலையை மட்டும் ஆட்டினேன்.

முதல் மலையைத் தாண்டியதும் புள்ளி நின்றது. கொஞ்சம் பொறுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். கிளைடருக்கு மேலே கண்ணாடி மூடி. வெயில் நேராக அடிக்கும். போன் சூடேறினால் தானாக அணைந்துவிடும். சூட்டில் எத்தனையோ போன் செத்ததைப் பார்த்தவள் நான். இல்லையென்றால் சார்ஜ் ஒயர் கழன்றிருக்கும். முதல் நாளே அந்த ஒயர் ஆடுகிறது என்று ஹெல்முட்டிடம் சொல்லியிருந்தேன். அவர் ஒரு டேப்பை ஒட்டிவிட்டுப் போனார். இப்போது வரைபடமும் இல்லை, திரும்ப உயரம் போதுமா என்கிற கணக்கும் இல்லை, என் பிள்ளை மலைக்கு அந்தப் பக்கம் இருட்டறையில் இருக்கிற மாதிரி இருக்கிறாள் என்று மனசு ஓடியது.

ஹெல்முட்டை ரேடியோவில் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டார், பதில் இல்லை. மலை மறைத்தால் கேட்காது, இது சகஜம் என்றார். அவள் தொடையில் காகித வரைபடமும் இருக்கிறது, போன் இல்லாமல் பறக்கத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன் என்றார். பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்த நிறுத்தல்தான் என்னைக் கொளுத்தியது. செல்வத்துக்கு போன் போட்டேன், அவர் ஷிப்டில் இருந்தார். "பிள்ள வந்துருவா. நீ சும்மா சத்தம் போடாத" என்று வைத்துவிட்டார்.

போட்டேன் சத்தம். குப்பையில் போட வேண்டிய போனை என் பிள்ளைக்குக் கொடுத்தாய், அறுந்த ஒயருக்கு டேப் ஒட்டினாய், உன் பேத்தியாக இருந்தால் புதுசு வாங்கியிருப்பாய், எங்களுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டாய் என்று ஜெர்மனில் வந்தவரை சொன்னேன். வராததைத் தமிழில் சொன்னேன். அவர் முகம் சிவந்து, பிறகு வெளிறியது. யாரோ ஒருத்தி கேக்கை மூடி வைத்தாள்.

5

அனிதா வந்தாள். சத்தமே இல்லாமல் மரங்களுக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்து, புல்லில் பதவிசாக இறங்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஓடினேன். கண்ணாடியைத் திறந்து அவள் சிரித்த சிரிப்பை, பிறந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை. அதை நின்று பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. கையை உள்ளே விட்டுக் கம்பியிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

சூடே இல்லை. முதுகைத் தொட்டேன், ஓரத்தைத் தொட்டேன். சார்ஜ் நிறைய இருந்தது, ஒயர் கெட்டியாக இருந்தது. திரையில் மைதானமும், அவள் போய்வந்த வழி முழுக்கக் காட்டும் அறுபடாத கோடும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு நொடிகூட அது அணைந்திருக்கவில்லை.

"ஒயர் கழண்டுச்சாடி?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்புறம் இன்னாதான் ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. நான்தாம்மா ஆஃப் பண்ணேன். உனக்குப் போறத மட்டும்."

இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வார்த்தையைத் தேடித் தேடித் தமிழில் பேசினாள். அதற்காகவாவது நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்க வேண்டும்.

"மலைக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லம்மா. நான் மட்டும்தான். ஆனா நீ பாத்துகினே இருக்கன்னு தெரியும் இல்ல, அதான். நீ சொல்லுவியே, ஃபேக்டரில போன லாக்கர்ல வச்சிட்டு உள்ள போவீங்க, யாராலயும் கூப்பிட முடியாதுன்னு. நீ அழுதுகினே சொல்லுவ. எனக்கு எப்பவும் அது நல்லா இருந்திருக்கும்னுதான் தோணும்."

ஆமாண்டி, நல்லாத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். என்னைத் தவிர வேறு யாருக்குமே தெரியாத ஒன்றை, அழுகைக்கு அடியில் தோண்டி இந்தப் பெண் எடுத்துவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் பின்னால் ஹெல்முட் நின்றுகொண்டிருந்தார். ஊர் பார்க்க நான் ஆடிய ஆட்டம் முழுக்க வீண் என்பது அந்த நிமிஷம்தான் மண்டையில் உறைத்தது. வாயைத் திறந்தேன்.

"மிஷின் பொய் சொல்லல. நீதான்."

சொன்ன பிறகுதான் அது யார் வசனம் என்று காதில் விழுந்தது. நிறுத்தினேனா? இல்லை. இன்னொரு தடவை புள்ளி மறைந்தால் கையெழுத்தைத் திரும்ப வாங்கிவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அனிதாவின் சிரிப்பு அணைந்துபோனதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஜெர்மனில் சரி என்றாள்.

6

வாரத்தின் நடுவில் வடை சுட்டு எடுத்துக்கொண்டு ஹெல்முட் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வடையை வாங்கிக்கொண்டார். பரவாயில்லை, நீங்கள் கவலைப்பட்டீர்கள், எனக்குப் புரிகிறது என்றார். நம் ஊரில் 'நீங்க' என்றால் மரியாதை. இங்கே, வருஷக்கணக்காக 'நீ' என்று பழகியவர் திடீரென்று 'நீங்க' என்றால், கதவைச் சாத்திவிட்டார் என்று அர்த்தம். இலக்கணப் பிழையில்லாமல் நானும் 'நீங்க' என்றே பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று காலை அப்பா ஊரிலிருந்து கூப்பிட்டார். பாப்பா மேலே போனால் எங்கே இருக்கிறாள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். என் போனில் புள்ளி தெரியும்ப்பா என்றேன்.

"இன்னா சௌகரியம் பாரு" என்றார். "நீ வேலைக்குப் போவசொல்ல இது மட்டும் இருந்திருந்தா, நான் நிம்மதியா இருந்திருப்பேன்மா. உன்ன உள்ளயும் பாத்துகினு இருந்திருப்பேன்."

அப்பா பாசத்தில்தான் சொன்னார். மைதானத்துக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டேன்.

மைதானத்தில் இன்று வானம் அருமையாக இருந்தது. பஞ்சுப் பொதியாக மேகம், நல்ல வெயில். இப்படி ஒரு நாளுக்காகத்தான் இவர்கள் வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள். ஒவ்வொருவராக மேலே ஏறித் தூரம் போனார்கள். அனிதா முறை வந்தது. உள்ளே உட்கார்ந்து, பெல்ட் போட்டு, போனைக் கம்பியில் மாட்டினாள். என்னைக் கூப்பிட்டு, நான் பார்க்கும்படியாக, எனக்கு இடம் அனுப்புகிற பட்டனை அழுத்தினாள். என் போனில் நீலப் புள்ளி வரும்வரை கையைத் திரையிலேயே வைத்திருந்தாள். வந்ததும் கண்ணாடியை மூடிக்கொண்டாள்.

மேலே போனவள் எங்கேயும் போகவில்லை. மைதானத்துக்கு நேர் மேலே, நான் தலையைத் தூக்கினால் தெரிகிற இடத்தில், முளையில் கட்டிய ஆட்டுக்குட்டி மாதிரி சுற்றினாள். மலைப் பக்கம் மேகங்கள் அவளைக் கூப்பிடுவதுபோல் வரிசையாக நின்றன. மற்ற கிளைடர்கள் ஒவ்வொன்றாக அதற்கடியில் போய் மறைந்தன. இவள் இதே வட்டத்தில், மெல்ல மெல்ல உயரம் குறைந்து, சுற்றிக்கொண்டே இருந்தாள். ஹெல்முட் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொட்டகைக்குள் போய்விட்டார். என் கையில் புள்ளி பத்திரமாக இருந்தது. நான் கேட்டது இதைத்தான்.

இறங்கினாள். கம்பியிலிருந்து போனைக் கழற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"புள்ளி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"போதுமாம்மா?" என்று சொல்லி, போனை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

இந்தத் தடவை அது சுட்டது.